முதல் தட்டு

வாயில் போட்டாயிற்று, இனி மென்றுதான் ஆக வேண்டும் என்று சவரிராயன் மென்றார். கறி நன்றாகவே வெந்திருந்தது. பல் பட்டதும் நார் நாராகப் பிரிந்தது, ஓரத்துக் கொழுப்பு மேலண்ணத்தில் வழுக்கிக்கொண்டு போனது, மிளகாய் உதட்டோரத்தைச் சுரீரென்று பிடித்தது. இவ்வளவும் தெரிந்தது. ருசி மட்டும் தெரியவில்லை. வரும், வரும் என்று இன்னும் கொஞ்சம் மென்று பார்த்தார், நாக்கைக் கறிக்கு அடியில் கொடுத்துப் புரட்டிப் பார்த்தார், கண்ணை மூடிப் பார்த்தார். அவர் கண்ணை மூடியது எதிரே நின்ற முதலாளி கலியபெருமாளுக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது, "சாரு கண்ண மூடிட்டாருடா" என்று சர்வர் பக்கிரியிடம் கிசுகிசுத்தார். முத்தியால்பேட்டை வெண்ணிலா ரெஸ்டாரண்ட் அண்டு பாரில் சனிக்கிழமை மத்தியானம் பன்றிக்கறி பிரசித்தம். வினிகரும் உப்பும் போட்டு முதல் நாளே அடுக்களைப் பையன்கள் ஊறவைத்துவிடுவார்கள், மறுநாள் சமையல்காரர் அடுப்பில் ஏற்றுவார். அதை விற்கிற கலியபெருமாளோ கவிச்சி தொடமாட்டார். வடலூருக்குப் போய் ஜோதி பார்த்துவிட்டு வந்த வருடத்தோடு கறியை விட்டார், மீனை விட்டார், குடியையும் விட்டார். கடையை மட்டும் விடவில்லை, அதையும் விட்டால் வீட்டில் உலை ஏறாது. அன்றிலிருந்து அவருக்காகத் தின்று சொல்லும் வாய் சவரிராயனுடையது. கறி அடுப்பிலிருந்து இறங்கியதும் முதல் தட்டு சவரிராயன் மேஜைக்கு வரும். அவர் ஒரு வாய் தின்று சரி என்று சொன்னால்தான் இரண்டாவது தட்டு அடுக்களையை விட்டு வெளியே வரும். அதுவரை எத்தனை பேர் பீரை வைத்துக்கொண்டு கத்தினாலும் பக்கிரி சுண்டலையும் மாங்காய்க் கீற்றையும் கொண்டுபோய்ப் போட்டுச் சமாளிப்பான். இன்றைக்கு அதற்கும் மேலே ஒன்று இருந்தது. பழைய சமையல்காரர் கோவிந்தன் வேலையை விட்டு மகன் வீட்டோடு போய்விட்டார், அவர் இடத்தில் அமலோற்பவம் என்கிற அம்மாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீனைச் சமைக்க விட்டுப் பார்த்தாயிற்று, கோழியைச் சமைக்க விட்டுப் பார்த்தாயிற்று, பன்றிக்கறி இன்றைக்குத்தான். தட்டை வைக்கும்போதே கலியபெருமாள் குனிந்து சொல்லிவிட்டார். "நீங்க சொல்றதுதான் சார். சரின்னா அந்தம்மாவையே வச்சிக்கிறேன். இல்லன்னா வில்லியனூர்க்காரன் ஒருத்தன் திங்கக்கிழமை வந்துடுறேன்றான்." அந்தச் சொல்லும் கறியும் சேர்ந்துதான் இப்போது சவரிராயன் வாயில் கிடந்தன.

பொங்கலுக்கு முன்னால் வந்த காய்ச்சல். காய்ச்சல் என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது, ரெண்டு நாள் படுத்தார், கஷாயம் குடித்தார், எழுந்துவிட்டார். எழுந்து காப்பி போட்டுக் குடித்தபோது சுடுதண்ணீரைக் குடித்த மாதிரி இருந்தது. டிக்காஷன் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு காப்பித்தூளின்மேல் பழியைப் போட்டார். அடுத்து ரொட்டிக் கடைக்காரன்மேல் பழி. அதற்கும் அடுத்து, குளிக்கும்போது சோப்பை மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தபோதுதான் பழி சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. டாக்டர் வந்துவிடும் என்றார். சில பேருக்கு நாளாகும் என்றார். சில பேருக்கு என்று நிறுத்திவிட்டு மாத்திரை எழுதினார். வராமலே போகிறவர்களும் அந்தச் சில பேரில் சேர்த்தியா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வீட்டில் சொல்ல ஆளும் இல்லை. மனைவி பிரிஜித், மகளின் பிரசவத்துக்கென்று பிரான்சுக்குப் போனவள், குளிர் முடியட்டும், குழந்தைக்குக் கழுத்து நிற்கட்டும் என்று அங்கேயே இருக்கிறாள். தினமும் போனில் முதல் கேள்வி என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான். வஞ்சிரம் என்பார். எப்படி இருந்தது என்பாள். "புளி கொஞ்சம் தூக்கலா இருந்துது பிரிஜித்." புளியே போடாத ரொட்டியையும் முட்டையையும் தின்றுவிட்டு இந்தப் பதில். அவள் அங்கே பனியைப் பார்த்துக்கொண்டு இங்கே இருக்கிற புளியைக் குறைக்க வழி சொல்வாள், அவரும் சரி சரி என்று கேட்டுக்கொள்வார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலைப் படபடவென்று தட்டினாள். கேஸ் வாடை அடிக்கிறது, தெருவரைக்கும் அடிக்கிறது, உள்ளே என்ன பண்ணுகிறீர்கள் என்று கத்தினாள். அவர் அடுக்களையில்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், அடுப்புக் குமிழ் திறந்தே இருந்தது. பயந்திருக்க வேண்டும். குமிழை மூடினார், ஜன்னலைத் திறந்தார், விட்ட பக்கத்திலிருந்து பேப்பரைப் படித்தார். சாயங்காலம்தான், பயம் ஏன் வரவில்லை என்று ஒரு யோசனை வந்தது. மகள் அனுப்பிய குழந்தையின் படத்தைப் பார்த்தபோதும் அப்படித்தான். அழகான குழந்தை. அழகான குழந்தை என்று தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. நாக்கோடுதான் போயிற்றா, நாக்குக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்து நாக்கில் வந்து தெரிந்ததா என்று படுத்துக்கொண்டு யோசிப்பார், யோசனை அந்த இடத்துக்கு வந்ததும் தூக்கம் வந்துவிடும். சாம்பல் புதனன்று சாமியார் ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவசு காலத்தில் பிடித்ததை எதையாவது விட்டுக்கொடுங்கள் என்று பிரசங்கம் வைத்தார். சவரிராயன் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார், விட்டுக்கொடுக்கும்படியாக ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் தவசு காலத்தில் பன்றிக்கறி தின்கிறோமே என்கிற உறுத்தலும் இல்லை. ருசித்துத் தின்றால்தானே பாவம், இது தின்பதிலேயே சேர்த்தி இல்லை என்று தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

"என்ன சார், யோசனை பலமா இருக்குது?" என்றார் கலியபெருமாள். சவரிராயன் கையை உயர்த்திப் பொறு என்று காட்டினார். அந்தக் கை உயர்ந்ததும் கலியபெருமாள் வாயை மூடிக்கொண்டது, பக்கிரி தோளில் கிடந்த துண்டைக்கூட அசைக்காமல் நின்றது, இதுதான், இதற்காகத்தான். வேலை பார்த்த மில் மூடின பிறகு இந்த ஊரில் அவரிடம் யார் என்ன கேட்டார்கள்? ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தபோது ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் அவர் தலையசைக்க வேண்டும். மில் போனதும் தலை தன்பாட்டுக்குக் கழுத்தின்மேல் இருந்தது. மகள் கல்யாணத்தைப் பிரிஜித்தின் அண்ணன் பேசி முடித்தார், வீட்டுக்குச் சுண்ணாம்பா பெயின்டா என்பதைக்கூடப் பெயின்டரும் பிரிஜித்தும் முடிவு செய்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் இங்கே வந்து உட்கார்ந்தால் மட்டும் ஒரு அடுக்களை முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு தரம் கடலையெண்ணெய்க் கம்பெனி மாறியிருப்பதை அவர் முதல் வாயிலேயே சொன்னார். கோவிந்தனே அடுக்களையிலிருந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரிஜித்திடம் திரும்பத் திரும்பச் சொன்னபோது, பீர்க் கடையில் பட்டம் வாங்கிய ஒரே ஆள் நீங்கள்தான் என்று அவள் சிரித்தாள். காய்ச்சலுக்கு அப்புறம் வந்த முதல் சனிக்கிழமை சொல்லிவிடத்தான் நினைத்தார். கலியபெருமாள், எனக்கு வாய் விளங்கவில்லை, வேறு ஆளைப் பாருங்கள். இவ்வளவுதான், சின்ன வாக்கியம். அதற்குள் தட்டு வந்துவிட்டது, தின்றார், தலையை அசைத்தார், கடை நடந்தது. கோவிந்தன் கை தப்பாத கை, தலையை ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் கறி சரியாகத்தான் இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பார்வையை வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொண்டார். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிறதா, வெங்காயம் கரைந்துவிட்டதா, பல்லுக்கு எவ்வளவு வேலை வைக்கிறது. மிளகாயும் சூடும் எப்படியும் தெரியும், பீரின் குளிர்ச்சியும் தொண்டையில் அது குத்துவதும் தெரியும். நடுநடுவே சந்தேகம் வராமலிருக்க "இஞ்சி ஒரு பொட்டு கம்மி" என்று எடுத்துவிடுவார், கோவிந்தனும் யோசித்துவிட்டு ஆமாம் சார் என்பார். எதற்கு ஆமாம் என்றார், அந்த மனுஷனுக்கும் வாய் விளங்காமல்தான் இருந்ததோ என்னவோ. ஆனால் இந்த அம்மாள் கோவிந்தன் இல்லையே. இவள் கை எப்படிப்பட்ட கை என்று சொல்லத்தானே இவரை உட்கார்த்தி வைத்திருக்கிறது. இஞ்சி கம்மி என்று ஒரு பேச்சுக்குச் சொன்னால்கூட வில்லியனூர்க்காரன் பஸ் ஏறிவிடுவான்.

அடுக்களைக் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் அமலோற்பவத்தின் முகம் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சமைத்துக்கொண்டிருந்தவளாம், விடுதியை மூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டின முகம், நெற்றியில் வேர்வை, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு. பார்க்கிறோம் என்று தெரியக்கூடாது என்கிற மாதிரி பார்த்தாள். மில் கேட்டில் பூட்டுப் போட்ட அன்றைக்கு நோட்டீசைப் படிக்கப் போகாமல் சவரிராயனும் தூரத்தில் நின்று அப்படித்தான் பார்த்தார். கறி நிறம் நன்றாக இருக்கிறது. எண்ணெய் பிரிந்திருக்கிறது. வேக்காடு கச்சிதம். வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்று, அது இந்த வாயில் இல்லை. இப்போது சொல்லலாம். சின்ன வாக்கியம்தான். சொன்னால் அடுத்த சனிக்கிழமை இந்த மேஜையில் பீர் குடிக்கிற வயசான ஆள் ஒருவர் இருப்பார், பக்கிரி வந்து பில்லை வைத்துவிட்டுப் போவான், அவ்வளவுதான் வித்தியாசம். அவ்வளவுதானே. அதை நினைத்தபோது வயிற்றில் ஏதாவது அசைந்ததா என்று கவனித்தார், அசையவில்லை. அப்படியானால் சொல்லிவிடலாமே. பயமில்லாத ஆளுக்கு எதைச் சொல்லவும் என்ன கஷ்டம்? வாயைத் திறந்தார். "அருமையா இருக்குது கலியபெருமாள்" என்றது வாய். "கைப்பக்குவம்னா இதுதான். அந்தம்மாவையே வச்சிக்குங்க." கலியபெருமாள் உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். பக்கிரி அடுக்களைக்கு ஓடினான். வட்டக் கண்ணாடியில் அந்த முகம் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போயிற்று. நல்ல காரியம் செய்தோம் என்று சவரிராயன் நினைத்துக்கொண்டார். நினைக்கத்தான் முடிந்தது. மிச்சக் கறியைத் தின்றார். தின்னாமல் விட்டால் கேள்வி வரும், அதனால் ரொட்டியால் தட்டை வழித்தும் தின்றார். டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கிரிக்கெட் ஓடியது. அவுட்டா இல்லையா என்று எல்லோரும் கையை விரித்தார்கள். பீர் நெஞ்சில் குளிர்ச்சியாக இறங்கியது. தண்ணீர் தவித்தது, தண்ணீர் குடித்தார், மறுபடியும் தவித்தது, வெயில் காலம் முன்னாலேயே வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு இன்னொரு டம்ளர் குடித்தார்.

பக்கத்து மேஜையில் ஒரு புருஷன் பெண்சாதி. சனி ஞாயிறு பார்த்து மெட்ராசிலிருந்து வருகிற கூட்டம், அவன் அரை டிராயர் போட்டிருந்தான், அவள் கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தாள். பக்கிரி இரண்டாவது தட்டை அங்கேதான் வைத்தான். ஆவி பறந்தது. அவள் முள்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். வைத்த மாத்திரத்தில் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கண் சுருங்கிற்று, தோள் காதுவரைக்கும் ஏறிற்று, கையால் துழாவிக் காகித நாப்கினைப் பிடித்து வாயில் வைத்துத் துப்பினாள். சவரிராயன் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை வேலை செய்கிறது அந்த முகம், ஒரு துண்டுக் கறிக்கு. அவன் ஒரு வாய் தின்று, "ஹலோ, யாருங்க இங்க?" என்று குரல் கொடுத்தான். "உப்பு கரிக்குதுங்க. கடல் தண்ணியிலயா வேக வச்சீங்க?" அதே நேரத்தில் ஏசி அறையிலிருந்தும் ஒரு தட்டு திரும்பி வந்தது. கலியபெருமாள் அந்தத் தட்டையும் இந்தத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார், தொட்டுப் பார்க்கவும் வழியில்லை, மோந்து பார்க்கவும் மனமில்லை. "அமலோற்பவம்" என்று கத்தினார். கத்திய வேகத்தில் சுண்டல் கிண்ணம் வைத்திருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னா போட்ட கறியில? உப்ப அள்ளிக் கொட்டினியா?" என்றார் கலியபெருமாள். "அளவாத்தான் போட்டேன் அய்யா." அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஊறப் போடும்போதே உப்பு போட்டிருந்துச்சா? எங்கிட்ட யாரும் சொல்லலியே. விடுதியில வினிகர் மட்டுந்தான் போட்டு வைப்போம்." "எறக்கறப்ப ஒரு துண்டு வாயில போட்டுப் பாக்கறதுக்கு என்னா?" "தவசு காலம் அய்யா. ஈஸ்டர் வரைக்கும் கறி தொடமாட்டேன். சார்தான் ருசி பாப்பாருன்னு நீங்களே சொன்னீங்க. சரியா இருக்குதுன்னு பக்கிரி வந்து சொன்ன பொறவுதான் எடுத்து வச்சேன்." சவரிராயனுக்கே தோன்றியிருக்க வேண்டியது இது. கழுத்தில் உத்தரியத்தைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்தார், அவரும் அதே கோயிலுக்குப் போகிறவர்தான். கறி தொடாத முதலாளி, தவசில் இருக்கிற சமையல்காரி, வாய் செத்த கிராக்கி, மூன்று பேராகச் சேர்ந்து ஒரு அண்டா கறியைச் சமைத்து ஊருக்குப் பரிமாறியிருக்கிறார்கள். சிரிப்பு வர வேண்டிய இடம். கலியபெருமாள் சிரிக்கவில்லை. "அப்ப சார் பாத்தப்ப சரியா இருந்திருக்குது. பொறவுதான் நீ மறுபடியும் உப்பு போட்டிருக்கற. பதட்டத்துல போட்டுட்டு மறந்துட்ட." "மாதா சத்தியமா இல்லய்யா." "பின்ன சார் பொய் சொல்றாரா? இத்தினி வருஷமா ஒரு தரம் தப்பா சொல்லியிருப்பாரா? கெளம்பும்மா நீ. இது வெளையாட்டு இல்ல." அவள் சவரிராயனைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, நிஜமாகவே ரெண்டாம் தரம் போட்டுவிட்டோமோ என்று, அதைத்தான் அவரிடம் கேட்டாள். தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"கலியபெருமாள்" என்றார் சவரிராயன். "எனக்கு ருசி தெரியாது." சொன்னதும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. "பொங்கல்லேர்ந்து தெரியாது. காய்ச்சல் வந்ததுல போயிடுச்சு. உப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. அந்தம்மா ஒண்ணும் பண்ணல." கலியபெருமாள் சிரித்தார், பாசமாகவே சிரித்தார். "உங்க மனசு யாருக்கு சார் வரும். ஒரு பொம்பள வேலைக்காக உங்க வாயையே இல்லன்றீங்க. நீங்க உக்காருங்க, இத நான் பாத்துக்கறேன்." இது சவரிராயன் எதிர்பார்க்காத தொல்லை. உண்மையைச் சொன்னால் விடுதலை கிடைக்கும், இல்லாவிட்டால் அவமானமாவது கிடைக்கும், நல்ல பேர் கிடைக்கும் என்று யார் கண்டது. பக்கத்து மேஜைத் தட்டு பக்கிரி கையில் இருந்தது. அதை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். இன்னொன்று. குழம்பை வழித்து ரொட்டியில் தடவி அதையும். கறுப்புக் கண்ணாடிப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சவரிராயன் முகத்தில் ஒரு இடமும் அசையவில்லை, அவர் நிதானமாக, பேப்பர் படிக்கிறவர் மாதிரி, தின்றுகொண்டே போனார். மூன்றாவது துண்டிலோ நாலாவது துண்டிலோ கலியபெருமாளின் முகம் சுளித்தது. கறியைத் தொடாத அவர் வாய் கோணிற்று, தொண்டை ஏறி இறங்கிற்று. "போதும் சார்" என்றார், குரல் வேறாக இருந்தது. "போதும், போதும், வுடுங்க." சவரிராயன் விடவில்லை. அமலோற்பவம்தான் வந்து தட்டை இழுத்துக்கொண்டாள். "ரத்தக் கொதிப்பு வந்துடும்ங்க" என்றாள், அதட்டலாக.

கலியபெருமாள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போம்மா, போயி ஆக வேண்டியதப் பாரு" என்றார். அவள் உள்ளே போனாள், குழம்பை வடித்துக் கொட்டுகிற சத்தம் கேட்டது, உருளைக்கிழங்கு வெட்டுகிற சத்தம் கேட்டது, தேங்காய்ப்பால் பிழியச் சொல்லி யாரையோ அவசரப்படுத்தினாள், உரிமையோடு அவசரப்படுத்தினாள். கலியபெருமாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து சவரிராயன் பார்த்ததே இல்லை. "டாக்டருகிட்ட போனீங்களா?" என்று கேட்டார். "போனேன்." "என்னா சொன்னாரு?" "வந்துடும்னாரு." "வந்துடும் சார், வந்துடும்" என்றார் கலியபெருமாள், ஆஸ்பத்திரியில் பழத்தோடு பார்க்க வந்தவர் சொல்லுகிற மாதிரி. இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள். கதவு திறந்தது. பக்கிரி புதுத் தட்டோடு வந்தான், கால் பழகின வழியில் சவரிராயன் மேஜையைப் பார்த்து வந்தது, பாதி ஹாலில் நின்றுவிட்டது. தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலாளியைப் பார்த்தான். "நீயே தின்னு பாருடா" என்றார் கலியபெருமாள், சவரிராயன் பக்கம் திரும்பாமல். பக்கிரி நின்றபடியே ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டான். மென்றான். புருவம் தன்னால் மேலே போயிற்று. "மொதலாளி! சூப்பரா இருக்குது மொதலாளி!" என்றவன், யாரும் சொல்லாமலே இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலையும் சூப்பினான்.

சவரிராயனுக்கு வலித்தது. எங்கே என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது, ஆனால் நன்றாக வலித்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார், போகவில்லை. போனால் இந்த வலியும் போய்விடுமோ என்று, அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.